காராச்சேவும் கருமருந்தும்

சாத்தூர் என்று சொன்னவுடனே வெளியூர் அன்பர்களின் நாவில் நீர் ஊறுகிறது. காரணம் காராச்சேவு. குருமடத்தில் என்னோடு படித்த குருக்கள் என்னைக் காண வந்தால் முதலில் விசாரிப்பது என் உடல்நலத்தை அன்று. சேவு இருக்கிறதா என்பதைத்தான். ஒருவர் வராமலே விசாரிப்பார். அவருக்கு இரத்தக் கொதிப்பு. காரமும் உப்பும் ஆகா என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆயினும் மாதம் ஒருமுறை அவருக்கு ஒரு பொட்டலம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நான் அனுப்புவதில்லை, யார் அனுப்புகிறார்கள் என்று நான் ஆராய்வதுமில்லை.

எங்கள் கரிசல் சீமையில் ஊருக்கு ஒரு தின்பண்டம் உண்டு. திருவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, கோவிற்பட்டிக்குக் கடலை மிட்டாய், சாத்தூருக்குச் சேவு. வைப்பாறு ஊரையொட்டிப் போகிறது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான் ஓடுகிறது. மழை குறைவு, வெயில் அதிகம். இந்த வெயிலைத் திட்டாத நாளில்லை. என்றாலும் மிளகாய் வற்றலைச் சிவக்கக் காயவைப்பது இதே வெயில்தான். சேவு நாள்கணக்கில் நமத்துப் போகாமல் மொறுமொறுவென்று இருப்பதும் இந்த உலர்ந்த காற்றினால்தான். தீக்குச்சியையும் வெடித் திரியையும் உலர்த்துவதும் அதே வெயில். 1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள் என்பது இப்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. அவர்கள் கொண்டுவந்த தொழில் இங்கே வேரூன்றியதற்கு இந்த வறண்ட வானமும், வானத்தை நம்பிப் பிழைக்க முடியாத மக்களும் காரணம்.

சேவுக்கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரார் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படியே. அவருடைய குலதெய்வம் வேறு, வழிபாடு வேறு. ஆடி வெள்ளியில் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் குடும்பத்தோடு போவார். ஆகஸ்டு 15 அன்று காமநாயக்கன்பட்டித் தேவமாதாவைக் காணப் புறப்படும் நம் மக்களுக்கு வழிச்சோற்றோடு சேவும் கட்டிக் கொடுப்பார். வீரமாமுனிவர் பணியாற்றிய இடம் அது என்று நான் அவருக்குச் சொன்னதுண்டு. "அவுகளும் நம்ம ஊரு வெயிலத் தாங்கிருக்காகளே சாமி, அதுவே பெரிசு" என்றார்.

அவருடைய அடுப்படியைப் பார்த்தால் பூசைக்கு ஆயத்தம் செய்யும் இடம்போல் இருக்கும். கடலை மாவோடு கொஞ்சம் அரிசி மாவு, அரைத்த மிளகாய், தட்டிய பூண்டு, ஓமம், உப்பு. கூட்டுப் பொருள் அவ்வளவுதான். இதில் இரகசியம் ஏதுமில்லை என்று அவரே சொல்வார். இரகசியமெல்லாம் தீயில் இருக்கிறதாம். கண்கரண்டியின்மேல் மாவை வைத்து உள்ளங்கையால் தேய்க்கையில், கீழே கொதிக்கும் எண்ணெய் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதைக் கை உணரவேண்டும். "தீயக் கண்டு பயப்படவும் கூடாது, பயப்படாம இருக்கவும் கூடாது சாமி." நாற்பது ஆண்டுகளாகத் தீயருகே நின்றவர் சொன்னது, நானும் குறித்துவைத்துக்கொண்டேன்.

தீயோடு பழகுவது அண்ணாச்சி ஒருவருடைய தொழில் அன்று. என் பங்கில் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் தீப்பெட்டிக்கோ பட்டாசுக்கோ கைகொடுக்கும் ஒருவராவது இருக்கிறார். மாலை வேளையில் வீடு சந்திக்கச் சென்றால், திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவதைக் காணலாம். அக்டோபர் மாதத்தில் அடுக்கிக்கொண்டே செபமாலை சொல்வார்கள். மணியை உருட்டக் கை ஓயாது. ஆகவே பத்துக் குச்சிக்கு ஓர் அருள்நிறைந்த மந்திரம் என்று கணக்கு வைத்துக்கொண்ட பாட்டியார் ஒருவரை நான் அறிவேன். இறையியலார் என்ன சொல்வார்களோ, தேவமாதா மறுத்திருக்கமாட்டார். தீப்பெட்டித் தொழிலும் இப்போது தள்ளாடுகிறது. மலிவான இலைட்டர் வந்து அதன் வயிற்றில் அடித்தது. இருபது ரூபாய்க்குக் குறைந்த இலைட்டரை இறக்குமதி செய்ய 2023-இல் மத்திய அரசு தடை விதித்தபோது எங்கள் ஊரில் சிலர் நன்றித் திருப்பலி கேட்டு வந்தார்கள்.

இன்னொரு தொழிலும் சாத்தூரில் இருந்தது. பேனா முள். எங்கள் மக்கள் அதை 'நிப்பு' என்பார்கள். சின்னச் சின்னப் பட்டறைகளில் தகட்டை வெட்டி, வளைத்து, நுனியைப் பிளந்து, மெருகேற்றிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள். மைப்பேனாவால் எழுதிய தலைமுறை அது. நான் பள்ளியில் விரலெல்லாம் மையாக எழுதிய பேனாவிலும் சாத்தூர் முள் இருந்திருக்கக் கூடும். பந்துமுனைப் பேனா வந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கின. வெடிச்சத்தம் இல்லாமல், செய்தித்தாளில் படம் வராமல், ஒரு தொழில் செத்துப்போயிற்று. அத்தொழிலாளரின் பிள்ளைகளில் பலர் பிறகு எங்கே வேலைக்குப் போனார்கள் என்று கேட்டால், கிழக்கேயும் மேற்கேயும் கைகாட்டுவார்கள். இரு திசையிலும் பட்டாசு ஆலைகள்.

பட்டாசு ஆலை என்பதை வெளியூர் அன்பர்கள் ஒரே பெரிய கட்டடமாக எண்ணிக்கொள்ளவேண்டாம். பொட்டல் வெளியில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சிறுசிறு அறைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது. கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிடவேண்டும். பருத்தி ஆடைதான் அணியவேண்டும். உள்ளே நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னூட்டத்தை நிலத்தில் இறக்கிவிடவேண்டும். கோயில் வாசலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை வரைகிற பழக்கத்தினால், செம்புத் தகட்டைத் தொட்டவுடன் கை தானாக நெற்றிக்குப் போய்விடுகிறது என்று நம் பிள்ளைகளில் ஒருவன் சொன்னான்.

விதிகள் நல்லவைதாம். தீபாவளி நெருங்க நெருங்க, உரிமம் பெற்றவர் ஒருவராகவும் உள்குத்தகைக்கு எடுத்து வேலை வாங்குபவர் வேறொருவராகவும் ஆகும்போதும், நால்வர் இருக்கவேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்காரும்போதும் அந்த விதிகள் சுவரில் ஒட்டிய தாளாகிவிடுகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் ஏறக்குறைய நாற்பது உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12 அன்று எங்கள் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவை நாடறிந்தவை. இருவர் மூவர் இறக்கும் விபத்துகள் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரியாக வரும். நான்கு வரியிலும் தவறாமல் ஒரு சொல் இருக்கும்: 'உராய்வு'. உராய்வினால் தீப்பிடித்ததாம். மனிதர் மனிதரை நெருக்கி உட்காரவைத்ததைப் பற்றி அந்த நான்கு வரியில் இடம் இருப்பதில்லை.

அப்படி நான்கு வரியில் வந்த ஒரு விபத்து, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத்தில், என் பங்கைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றைத் தொட்டது. ஊரின் பெயரும் ஆலையின் பெயரும் இங்கே வேண்டாம். ஒரே தெருவைச் சேர்ந்த மூவர். அவர்களில் ஒருவர் நம் சபையைச் சேர்ந்தவர். மற்ற இருவர் இந்துக் குடும்பத்தினர்.

நம்மவர் உடனே இறக்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் புனித எண்ணெயோடு போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. நோயாளருக்கு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசவேண்டும் என்பது சடங்கு. அவருடைய இரு கைகளும் துணிக்கட்டுக்குள் இருந்தன, நெற்றியிலும் கட்டு. இத்தகைய நேரத்தில் உடலின் வேறு பகுதியில் ஒருமுறை பூசினால் போதும் என்று 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட முறைமை இடமளிக்கிறது. குருமடத்தில் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது, இந்த விதிவிலக்கு யாருக்குத் தேவைப்படும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. காதுக்குக் கீழே, கழுத்தில், விரல் நுனியளவு இடம் கிடைத்தது. பூசினேன். அவர் ஏதோ சொல்ல முயன்றார். குனிந்து கேட்டேன். "வேலக்குப் போவணும்னு சொல்லுங்க" என்றார். யாரிடம் சொல்லச் சொன்னார், யார் போகவேண்டும் என்றார், எனக்குத் தெரியாது. விடியுமுன் இறந்துவிட்டார்.

அடுத்த நாள் அந்தத் தெருவில் நேர்ந்த ஒரு சங்கடத்தை என்னால் மறக்க முடிவதில்லை. சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டார் கஞ்சியோ சோறோ ஆக்கிக் கொண்டுவருவார்கள். நம் நாட்டில் எல்லா மதத்தாருக்கும் பொதுவான வழக்கம் இது. ஆனால் மூன்று வீட்டில் பிணம் கிடக்கிறது. நான்காவது வீடு முதல் வீட்டுக்குச் சம்பந்தம். ஐந்தாவது வீட்டார் மூன்றாவது வீட்டுக்குப் பங்காளி. தெரு முழுவதும் சாவு வீடு. எந்த வீட்டில் அடுப்பு மூட்டுவது? காலையிலிருந்து குழந்தைகள் ஒன்றும் உண்ணவில்லை. அது யாருக்கும் நினைவிலும் இல்லை. நினைவு வந்த ஒரு கிழவி மட்டும் வாசலில் நின்று, "பிள்ளைக பசியில கெடக்குதே, பிள்ளைக பசியில கெடக்குதே" என்று காற்றிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

சாத்தூரிலிருந்து ஒரு சிறு வண்டி வந்து நின்றது. அதில் அண்ணாச்சி; அவரோடு அவருடைய கடைப் பையன்கள் மூவர்; சேவு போடும் பெரிய வாணலிகள் இரண்டு; ஒரு மூட்டை அரிசி. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அது ஞாயிற்றுக்கிழமை, வியாபாரம் சூடாக நடக்கும் நாள். திருவிழா அசனத்துக்கு என்று நம் சிற்றாலயத்தின் பின்புறம் கல்லடுப்பு உண்டு. "சாமி, அந்த அடுப்பக் குடுங்க" என்று மட்டும் கேட்டார். சோறும் பருப்பும் இரசமும் ஆக்கினார். அன்று அவர் சமைத்ததில் மிளகாய் மிகக் குறைவு. அழுதுகொண்டே உண்பவர்களுக்குக் காரம் புரையேறும் என்று பிறகு சொன்னார்.

எந்த வீட்டுச் சோற்றை யார் தொடுவது என்று கணக்குப் பார்க்கும் ஊர்தான் அதுவும். இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்பவனாவேன். கோயில் அடுப்பில் வேறு மதத்தார் ஆக்கிய சோற்றை, மூன்று வீட்டாரும் அன்று ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டார்கள். கணக்குப் பார்க்க ஒருவருக்கும் தெம்பில்லை. ஆண்டவர் உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடர்களை உண்ண அழைத்தார் என்று யோவான் எழுதுகிறார். அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்தக் கல்லடுப்பும், புகையில் கண் சிவக்க நின்ற அண்ணாச்சியுமே மனக்கண்முன் வருகிறார்கள்.

மூன்றாம் நாள் வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், படித்தவர், என்னிடம் கேட்டார்: "ஆபத்து என்று தெரிந்தும் இவர்கள் ஏன் இந்த வேலைக்குப் போகிறார்கள், சுவாமி? நீங்களாவது சொல்லித் தடுக்கக்கூடாதா?" நல்லெண்ணத்தில் கேட்டார். ஆனாலும் எனக்குச் சீலோவாம் கோபுரம் நினைவுக்கு வந்தது. கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று ஆண்டவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கோபுரத்தை யார் அப்படிக் கட்டினார்கள் என்று சேர்த்துக் கேட்டுப் பார்ப்பதும் தகும் என்று எனக்குத் தோன்றுகிறது. இறந்தவர்களைப் பார்த்து 'ஏன் போனீர்கள்' என்பது எளிது. வேறு எங்கே போவது என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டும். நிப்புத் தொழில் மறைந்தபோது யாரும் பதில் வைத்திருக்கவில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. பேரிய உப்பு கூடாது, சரவெடி கூடாது என்றாகியது. காற்றுக்கு நன்மைதான், மூச்சிரைப்பு நோயாளர் என் பங்கிலும் உண்டு. ஆனால் சரம் பின்னியே பிழைத்த பெண்களுக்கு அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது என்பதை அவர்களுடைய அடுப்படிகள் அறியும்.

ஆகவே 'போகாதீர்கள்' என்று நான் மறையுரையில் சொல்வதில்லை. வேறொன்று செய்கிறேன். திருமண அறிக்கை வாசித்து முடித்ததும், மாதம் ஒருமுறை ஆலை விதிகளையும் வாசிக்கிறேன். ஓர் அறைக்கு நால்வர். ஐந்தாவதாக உட்காரச் சொன்னால் எழுந்து வெளியே வாருங்கள். அன்றைய கூலி போனால் என்னிடம் வாருங்கள். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். பலிபீடத்தில் நின்று பேசும் பேச்சா இது என்றார்கள். கூலி கேட்டு இதுவரை வந்தவர்கள் பதினொரு பேர். பங்கின் கணக்கேட்டில் அதற்குத் தனித் தலைப்பு இல்லாததால் 'மெழுகுதிரி' என்னும் தலைப்பில் எழுதிவைத்திருக்கிறேன். ஆயர் இல்லக் கணக்கர் இதை வாசித்தால் பொறுத்தருள்வாராக.

அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் பங்குப் பேரவையில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. பாஸ்கா இரவில் வானவர் கீதம் பாடத் தொடங்கியதும், மணி ஒலிக்க, உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் எழும். அந்நேரத்தில் வெளியே வெடி வெடிப்பது எங்கள் வழக்கம். பட்டாசு ஊரில் அது சற்று அதிகமாகவே இருக்கும். அந்த முறை வேண்டாம் என்றார்கள் பெரியவர்கள். சாவு நடந்து நாற்பது நாள் ஆகவில்லை, காதில் அந்தச் சத்தம் இன்னும் இருக்கிறது. இளைஞர் மன்றத்தாரோ, ஆண்டவர் உயிர்த்த இரவை ஊமையாக்குவதா என்றார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. எனக்கு உள்ளூர மௌனமாகக் கொண்டாடுவதே நலம் என்ற எண்ணம்.

இறந்தவரின் மனைவி மாதர் சங்கத்தின் சார்பில் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். அவரும் அதே தொழில்தான். திரி சொருகும் அறையில் வேலை. கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"வெடியப் போடுங்க சாமி. எங்க வீட்டுக்காரரு செஞ்சது அது. நாம போடலேன்னா ஊரு உலகத்துல யாரு போடுவா? வாங்க ஆளில்லேன்னா எனக்கு வேலை ஏது? எம்மக படிக்கணும்ல?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பேரவையில் அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

பாஸ்கா இரவில் வெடித்தார்கள். திரை விலகியபோது நான் சுரூபத்தைப் பார்க்காமல் அந்தச் சகோதரியைப் பார்த்தேன். முதல் வெடிக்கு அவருடைய தோள்கள் குலுங்கின. பக்கத்தில் நின்ற மகளின் இரு காதுகளையும் தம் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு, தாம் நிமிர்ந்து நின்று, வானவர் கீதத்தை இறுதிவரை பாடினார். விசுவாசம் என்பதா, பிழைப்பு என்பதா, இரண்டையும் பிரிக்க முடியாது என்பதா? பதினைந்து பக்க இறையியல் கட்டுரை எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது ஏதுமில்லை.

அதன்பின் அர்ச்சியசிஷ்ட பார்பரம்மாளை நினைத்துக்கொண்டேன். முற்காலத்து வேதசாட்சி. பெற்ற தகப்பனே அவர் தலையை வெட்டியதாகவும், உடனே இடி விழுந்து அவன் மாண்டதாகவும் மரபு சொல்கிறது. அதனால் பீரங்கி வீரரும், சுரங்கத் தொழிலாளரும், வெடிமருந்தோடு புழங்குவோரும், ஆயத்தமின்றித் திடீர் மரணம் வந்துவிடுமோ என்று அஞ்சுவோரும் ஐரோப்பாவில் அவரைப் பாதுகாவலியாகக் கொண்டார்கள். வரலாற்றுச் சான்று போதாது என்று 1969-இல் பொது நாள்காட்டியிலிருந்து அவருடைய விழா எடுக்கப்பட்டது. மறைசாட்சியர் பட்டியலில் டிசம்பர் 4-இல் பெயர் இருக்கிறது. உலகத்துக்குத் தேவையில்லாமற் போனாலும் எங்கள் வட்டாரத்துக்கு இவர் தேவைப்படுகிறார். எனவே டிசம்பர் 4 அன்று ஆலைத் தொழிலாளர்களுக்காக ஒரு திருப்பலி வைக்கத் தொடங்கினோம். எம்மதத்தாரும் வரலாம். தீபாவளிக்குப் பின் அடைத்த ஆலைகள் அதற்குள் திறந்துவிடும். வேலைக்குப் போகவேண்டுமே, ஆகையால் விடியற்காலை ஐந்து மணிக்கு.

யாருக்குத் திருவிழா என்று அண்ணாச்சி கேட்டார். கதையைச் சொன்னேன்.

"பெத்த அப்பனேவா?"

"ஆமாம் அண்ணாச்சி."

"எல்லாக் காலத்துலயும் வீட்டு ஆளுகதான்" என்றார். என்ன நினைத்துச் சொன்னாரோ. பிறகு, வருகிறவர்களுக்கு ஆளுக்குக் கால் கிலோ தம் செலவு என்றார். பூண்டு சேர்க்கலாமா, அர்ச்சியசிஷ்டவருக்கு ஆகுமா என்று கவலைப்பட்டார். தாராளமாகச் சேர்க்கலாம் என்று திருச்சபையின் பெயரால் அனுமதி கொடுத்தேன்.

சென்ற முறை கோயில் நிறைந்து வெளியே பாய் விரித்தோம். திருப்பலி முடிந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. அண்ணாச்சி வாசலில் நின்று பொட்டலங்களைக் கொடுத்தார். இன்னும் சூடு ஆறாதவை. அந்தச் சகோதரியும் வரிசையில் வந்தார். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், விடுதியில் இருக்கிறாள், சனிக்கிழமை வருவாள் என்றார். அண்ணாச்சி இன்னொரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். இரண்டையும் தூக்குவாளிக்குப் பக்கத்தில் பைக்குள் போட்டுக்கொண்டார். சாலையில் கம்பெனி வேன் இரண்டு முறை ஒலி எழுப்பியது. எல்லாரும் ஓடினார்கள்.